17 வயது ஏ320: இன்னும் ஆறு ஆண்டு ஓட்டுவதா, இப்போதே விடுவதா?

பத்து ஏர்பஸ் ஏ320 வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். எல்லாம் நியோவுக்கு (புதிய ரக என்ஜின் பொருத்திய ஏ320-க்கு) முந்தைய ரகம், சிஎஃப்எம்56-5பி என்ஜின், வயது 17. நாளுக்கு 12 மணி நேரம், ஐந்து பயணம், ஆண்டுக்கு 350 நாள் என்ற கணக்கில் பறந்திருக்கின்றன. அப்படியானால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 71,000 மணி நேரமும் 30,000 சுழற்சியும் முடித்திருக்கும். ஒரு முறை ஏறி இறங்கினால் அது ஒரு சுழற்சி. அடுத்த ஆண்டு 18 வயதுக்கான கட்டமைப்புச் சோதனை வருகிறது. அதைத் தாண்டினால் 24-இல் வருவது இன்னும் பெரியது. இந்த நிறுவனத்துக்கு என்னென்ன வழிகள் உண்டு, எது எப்போது கட்டுப்படியாகும் என்பதைத்தான் பார்க்கப் போகிறோம்.

முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கு விடை சுலபம். புதியதற்கு ஆர்டர் கொடு, வந்ததும் பழையதை விற்றுவிடு. இன்று அது நடப்பதில்லை. உலக விமானங்களின் சராசரி வயது 14.8 ஆண்டு, இதுவரை இல்லாத உயரம் என்று விமான நிறுவனங்களின் உலகச் சங்கமான ஐயாட்டா 2024 டிசம்பரில் சொன்னது. கட்டி முடிக்கப்படாமல் நிலுவையில் இருந்த ஆர்டர் 17,000 விமானம். போயிங் 777எக்ஸ் 2020-இல் வந்திருக்க வேண்டியது. அது தள்ளிப்போய்க்கொண்டே இருந்ததால் லுஃப்தான்ஸா 747-400-களை விடமுடியாமல் ஓட்டுகிறது, ஓரங்கட்டிய ஏ340-600-களையும் ஏ380-களையும் மறுபடி வெளியே கொண்டுவந்தது. இந்தியாவில் இன்னொரு விதமான அடி. பிராட் அண்ட் விட்னியின் பிடபிள்யூ1100ஜி என்ஜின் கோளாறுகளால் இண்டிகோவின் 70-க்கும் மேற்பட்ட புதிய விமானங்கள் ஒரு கட்டத்தில் தரையில் நின்றன. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் திவால் மனு கொடுத்துப் பறப்பதையே நிறுத்தியது. இளம் விமானங்களை மட்டுமே வைத்துக்கொள்வது என்று இருந்த இண்டிகோ, பழைய ரக ஏ320-களின் குத்தகையை நீட்டித்தது.

ஆகவே பழைய விமானம் வைத்திருப்பது வசதியில்லாதவர்களின் வழி என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும். அமெரிக்காவின் டெல்டா டிசி-9 விமானங்களை 2014 ஜனவரி வரை ஓட்டியது. எம்டி-88, எம்டி-90 இரண்டையும் 2020 ஜூன் 2 அன்றுதான் நிறுத்தியது. மற்றவர்கள் தள்ளிவிட்ட எம்டி-90-களைத் தேடித் தேடி வாங்கிச் சேர்த்தது. சவுத்வெஸ்ட் வேண்டாம் என்ற 88 போயிங் 717-களை எடுத்துக்கொண்டது. சொந்தமாகப் பெரிய பராமரிப்புக் கூடம் இருப்பவர்களுக்கு அது லாபமான வழி. அந்தக் கூடம் இல்லாத நிறுவனம் டெல்டாவைப் பார்த்து அப்படியே செய்தால் கையைக் கடிக்கும்.

வயது எங்கே ஏறுகிறது

விமானத்துக்கு மூன்று வயது உண்டு: சுழற்சி, மணி, காலம். மூன்றும் வெவ்வேறு இடத்தைத் தின்கின்றன.

சுழற்சி தின்பது உடற்கூட்டின் தகட்டை. உயரே போகும்போது உள்ளே காற்றழுத்தம் ஏறுகிறது, இறங்கும்போது குறைகிறது. பலூனை ஊதி ஊதி விடுவது போலத்தான். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ரிவெட் அடிக்கப்படும் லேப் ஜாய்ன்ட்தான் அந்த இழுவையைத் தாங்குகிறது. 1988 ஏப்ரல் 28 அன்று அலோஹா ஏர்லைன்ஸின் 737-200 ஒன்று 24,000 அடி உயரத்தில் முன்பக்கக் கூரையையே இழந்தது. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். அந்த விமானத்துக்கு வயது 19. பறந்த மணி 35,496 மட்டுமே, சுழற்சியோ 89,680. ஹவாய் தீவுகளுக்கிடையே குட்டிக் குட்டிப் பயணங்கள். மணிக்கணக்கை மட்டும் பார்த்தால் அது நடுவயது விமானம். சுழற்சியைப் பார்த்தால் கிழடு.

அந்த லேப் ஜாய்ன்ட்டில் என்ன நடந்தது என்பதைக் கிட்டப்போய்ப் பார்ப்பது நல்லது. ஆரம்பகால 737-களில் தகடுகளைப் பசை தோய்த்த மெல்லிய துணியால் ஒட்டி அதன்மேல் ரிவெட் அடித்தார்கள். ஈரம் புகுந்து பசை விட்டுப்போயிற்று. பசை தாங்க வேண்டிய சுமை முழுவதும் ரிவெட்டுகளுக்குப் போயிற்று. ரிவெட்டின் தலை தகட்டோடு மட்டமாக உட்காரத் துளையின் வாயைக் கூம்பாகக் குடைந்திருப்பார்கள். மெல்லிய தகட்டில் அந்தக் குடைவு கத்தி முனை போன்ற விளிம்பை விட்டுவிடும். விரிசல் அங்கேதான் தொடங்கும், ரிவெட் தலைக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல். ஒரு துளையில் வந்தால் பக்கத்துத் தகடு தாங்கிக்கொள்ளும். வரிசையாகப் பத்துத் துளையில் சின்னச் சின்னதாக வந்துவிட்டால் எல்லாம் ஒன்று சேர்ந்து ஒரே கிழியலாகிவிடும். இன்று எடி கரன்ட் (உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டி விரிசலைக் கண்டுபிடிக்கும் கருவி) முனையை ஒவ்வொரு ரிவெட் தலையைச் சுற்றியும் ஓட்டித் திரையில் கோடு துள்ளுகிறதா என்று பார்க்கிறார்கள். ஒரு ரிவெட்டுக்குச் சில விநாடிதான். ஆனால் ஒரு ஜாய்ன்ட்டின் நீளத்துக்கு நூற்றுக்கணக்கான ரிவெட். மாலை ஏழு மணிக்கு நானூறாவது ரிவெட்டையும் முதல் ரிவெட்டைப் பார்த்த அதே கவனத்தோடு பார்க்கும் ஆளும், அதற்குத் தோதான வெளிச்சமும், ஓய்வு நேரமும்தான் பழைய விமானத்தின் பாதுகாப்பு.

மணிக்கணக்கு கட்டமைப்பின் மொத்த ஆயுளைத் தீர்மானிக்கிறது. ஏ320-க்கு முதலில் வகுத்த இலக்கு 48,000 சுழற்சி அல்லது 60,000 மணி, எது முதலில் வருகிறதோ அது. நாளுக்கு 12 மணி ஓட்டினால் 60,000 மணி 14 ஆண்டிலேயே வந்துவிடும். அதனால்தான் ஏர்பஸ் பின்னர் அந்த எல்லையை 60,000 சுழற்சி, 120,000 மணி என்று நீட்டியது. நீட்டியது என்றால் தாளில் எண்ணை மாற்றியது மட்டுமல்ல; அதற்கென்று கூடுதல் ஆய்வுகளும், சில இடங்களில் பாகத்தை மாற்றும் வேலையும் உண்டு. நம் உதாரணத்து விமானங்கள் 71,000 மணியில் இருப்பதால் அந்தக் கூடுதல் ஆய்வுகளுக்குள் ஏற்கெனவே வந்துவிட்டன. அவை செய்யப்பட்டதற்கான ஆவணம் இல்லையென்றால் விமானமே இல்லை என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

காலம் தின்பது அரிப்பால். இதுதான் மூன்றிலும் கணிக்கமுடியாதது. பின்பக்க கேலிக்கும் (உணவு தயார்செய்யும் இடம்) கழிவறைக்கும் கீழே உள்ள தரைவிட்டங்கள், முன்கதவு வாசல், இருக்கைகளைப் பிடிக்கும் தண்டவாளம், வயிற்றுப் பகுதியின் அடித்தளம்: அரிப்பு குடியிருக்கும் இடங்கள் இவைதான். காபியும் பழச்சாறும் கழிவறை நீரும் தரைப் பலகையின் இடுக்கில் இறங்கி, காப்புப் போர்வையில் ஊறி, வடிகால் துளை அடைத்துக்கொண்டால் அங்கேயே தேங்கிவிடும். சோதனையின்போது கேலியையும் கழிவறையையும் முழுதாகக் கழற்றி, பலகையைத் தூக்கி, போர்வையை உரித்துத் துடைத்த பிறகு டார்ச்சும் கண்ணாடியும் வைத்துப் பார்ப்பார்கள். ப்ரைமர் பூச்சு அரிசிமணி போலப் பொங்கியிருந்தால் கீழே அலுமினியம் மாவாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பளபளப்பான உலோகம் தெரியும்வரை சுரண்டி, மீதித் தடிப்பை அளந்து, பழுதுபார்ப்புக் கையேட்டின் எல்லையோடு ஒப்பிட வேண்டும். எல்லைக்குள் இருந்தால் வேதிப்பூச்சு, ப்ரைமர், அரிப்புத் தடுப்பு மெழுகு என்று முடித்துவிடலாம். தாண்டினால் ஒட்டுத்தகடு, அல்லது விட்டத்தையே மாற்றுவது. விட்டம் கையிருப்பில் இருக்காது. ஆர்டர் போட்டு வரும்வரை விமானம் ஹேங்கரில் நிற்கும், அடுத்த விமானத்தின் இடத்தையும் அடைத்துக்கொண்டு. சோதனை திட்டத்தைத் தாண்டி இழுப்பதற்கு முதல் காரணம் பெரும்பாலும் இதுதான்.

நான்காவதாக ஒன்றும் உண்டு: பழைய ஒட்டு. தைவானின் சைனா ஏர்லைன்ஸ் 611, ஒரு 747-200, 2002 மே 25 அன்று நடுவானில் சிதறி 225 பேர் இறந்தார்கள். காரணம் 1980 பிப்ரவரியில் ஹாங்காங்கில் வால் தரையில் உரசியதும், அதற்குப் போட்ட தவறான ஒட்டும். கீறல் விழுந்த தகட்டை வெட்டியெடுக்காமல் மேலே தகடு வைத்து மூடியிருந்தார்கள். மூடிய தகட்டுக்கு அடியில் விரிசல் 22 ஆண்டு வளர்ந்தது. ஆகவே 17 வயது விமானத்தை நீட்டிப்பதாக இருந்தாலும், அதே வயதில் ஒன்றைக் குத்தகைக்கு எடுப்பதாக இருந்தாலும், முதலில் கேட்க வேண்டியது உடலில் உள்ள ஒவ்வொரு பள்ளம், ஒட்டு ஆகியவற்றின் வரைபடம். ஒவ்வொன்றுக்கும் அங்கீகரிக்கப்பட்ட வரைவும், எத்தனை சுழற்சிக்கு ஒரு முறை பார்க்க வேண்டும் என்ற குறிப்பும் இருக்க வேண்டும்.

2025 நவம்பர் 4 அன்று லூயிவில்லில் யுபிஎஸ் நிறுவனத்தின் 34 வயது எம்டி-11 சரக்கு விமானம் கிளம்பும்போதே இடது என்ஜினும் அதைத் தாங்கும் பைலானும் கழன்று விழுந்தன. பின்பக்கப் பிடிமானத்தில் உலோகச் சோர்வு விரிசல் இருந்ததாக முதற்கட்ட அறிக்கை சொன்னது. அந்த விமானம் ஏறத்தாழ 21,000 சுழற்சியில் இருந்தது. அந்தப் பிடிமானத்துக்கான விரிவான சோதனை 28,000-க்கு மேல்தான் வரவேண்டியிருந்தது. அட்டவணைப்படி எல்லாம் சரி என்பதே போதாது என்பதைப் பழைய விமானம் வைத்திருக்கும் எவரும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். கையில் இருக்கும் ரகத்துக்கு உற்பத்தியாளர் அனுப்பிய சேவைக் கடிதங்களில், கட்டாயமில்லை என்று ஒதுக்கி வைத்தவற்றை எடுத்து மறுபடி படிப்பது நீட்டிப்புக்கு முன் செய்ய வேண்டிய வேலை.

ஒரே தாளில் கணக்கு

இப்போது பணம். கீழே வரும் விலைகள் ஒப்பிடுவதற்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் ஒப்பந்தத்தில் உள்ள எண்ணை அந்த இடத்தில் போட்டுப் பாருங்கள்.

பழைய ஏ320 மணிக்கு 2,400 கிலோ எரிபொருள் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நியோ 15 சதவீதம் குறைவு, அதாவது 360 கிலோ. டன்னுக்கு 800 டாலர் என்றால் மணிக்கு 288 டாலர் மிச்சம். நாளுக்கு 12 மணி, மாதம் 30 நாள்: ஏறத்தாழ 1,04,000 டாலர். புதிய நியோவின் மாத வாடகை பழையதைவிட 2,00,000 டாலர் அதிகம் என்று கொள்வோம். எரிபொருள் மிச்சத்தைக் கழித்தால் பழைய விமானத்துக்கு மாதம் 96,000 டாலர் சலுகை நிற்கிறது. பழையதன் கூடுதல் பராமரிப்பு அந்த 96,000-க்குள் அடங்குமா என்பதே முழுக் கேள்வி.

18 வயதுச் சோதனைக்கு 15 லட்சம் டாலர் என்றால், 24 வயது வரையிலான 72 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 21,000. லேண்டிங் கியர் பத்தாண்டுக்கு ஒருமுறை அல்லது 20,000 சுழற்சிக்கு ஒருமுறை ஓவர்ஹாலுக்குப் போகும். அதற்கு மாதம் 5,000. மொத்தம் 26,000. இதுவரை தாராளமாக அடங்குகிறது, 70,000 மீதி.

அடுத்து என்ஜின். ஒரு என்ஜினை முழு ஓவர்ஹாலுக்கு அனுப்ப 60 லட்சம் டாலர் என்று வைத்தால், அதே 72 மாதத்தில் மாதம் 83,000. ஒன்றுக்கே சலுகை கரைந்துபோகிறது. இரண்டும் போனால் மாதம் 1,67,000. நியோவின் என்ஜினுக்கும் ஒருநாள் செலவு வரும், அதற்கு மாதாமாதம் ஒதுக்க வேண்டும் என்பதால் இடைவெளி கொஞ்சம் சுருங்கும். ஆனாலும் பொதுவான முடிவு மாறாது: கட்டமைப்புச் சோதனையைப் பழைய விமானம் தாங்கும், என்ஜின் ஓவர்ஹாலைத் தாங்காது.

பயன்பாட்டைக் குறைத்தால் கதை மாறும். நாளுக்கு 6 மணி மட்டும் ஓட்டினால் எரிபொருள் மிச்சம் 52,000-ஆகக் குறைந்து, பழையதன் சலுகை 1,48,000-ஆக உயர்கிறது. சோதனையும் கியரும் போக 1,22,000. ஒரு என்ஜின் ஓவர்ஹால் அடங்கிவிடும். காலை, மாலை நெரிசல் நேரத்துக்கு மட்டும், பண்டிகைக் காலத்துக்கு மட்டும், மற்ற விமானங்கள் பழுதானால் கைகொடுக்க என்று வைத்துக்கொள்ள வாடகை குறைந்த பழைய விமானமே ஏற்றது. நாளெல்லாம் ஓடும் நீண்ட வழித்தடத்துக்கு அது உதவாது. எரிபொருள் டன் 1,100 டாலரானால் 12 மணி ஓட்டத்தில் நியோவின் மிச்சம் 1,42,000-ஐத் தாண்டும். அப்போது பழையதற்கு நிற்கும் சலுகை வெறும் 57,000.

என்ஜினில்தான் சாமர்த்தியம்

சிஎஃப்எம்56-இன் சுழலும் வட்டுகளுக்கும் தண்டுகளுக்கும் ஆயுள் எல்லை உண்டு. முன்பக்க விசிறிப் பகுதிக்குப் பொதுவாக 30,000 சுழற்சி, நடு மையத்துக்கு 20,000, பின்பக்கக் குறைந்த அழுத்த டர்பைனுக்கு 25,000. பாக எண்ணையும் உந்துவிசையையும் பொறுத்து இது குறையலாம். எல்லையைத் தொட்ட பாகத்தை ஒரு சுழற்சிகூட அதிகமாக ஓட்டக்கூடாது. அதில் பேரம் கிடையாது.

ஆகவே ஓவர்ஹால் செய்வதற்குப் பதிலாக மிச்ச ஆயுள் உள்ள என்ஜினை வாங்கியோ குத்தகைக்கு எடுத்தோ மாட்டுவது வழக்கம். இதைத் துறையில் க்ரீன் டைம் என்பார்கள். ஆண்டுக்கு 1,750 சுழற்சி ஓடும் விமானத்துக்கு 3,000 சுழற்சி மிச்சமுள்ள என்ஜின் இருபது மாதம் வரும். பத்து விமானத்தில் இரண்டைப் பிரித்தால் நான்கு என்ஜின் கையில் கிடைக்கும். அவற்றை மீதி எட்டுக்குச் சுழற்றலாம். மாட்டும் முன் போர்ஸ்கோப் (என்ஜினுக்குள் நுழைத்துப் பார்க்கும் மெல்லிய கேமரா) விட்டு, உயர் அழுத்த டர்பைன் பிளேடுகளின் முனை கருகியிருக்கிறதா, எரி அறையின் சுவரில் விரிசல் ஓடுகிறதா, வெளியேறும் வாயுவின் வெப்பநிலை எல்லையைத் தொட இன்னும் எத்தனை டிகிரி மிச்சம் என்று பார்க்க வேண்டும். கோடையில் 40 டிகிரி வெயிலில் முழு எடையோடு கிளம்பும் நிலையங்களில் அந்த மிச்சம்தான் முதலில் தீரும். காகிதத்தில் 3,000 சுழற்சி இருந்தும் 900-த்தில் கழற்ற வேண்டி வரும்.

பழைய பாகச் சந்தையில் இன்னொரு ஆபத்து ஆவணம். 2023-இல் லண்டனைச் சேர்ந்த ஒரு உதிரிபாக வியாபாரியிடமிருந்து வந்த சிஎஃப்எம்56 பாகங்களின் சான்றிதழ்கள் போலி என்று தெரிந்து, உலகம் முழுக்க என்ஜின்களைத் திறந்து தேடவேண்டி வந்தது. பாகம் பறக்கத் தகுதியானது என்று சொல்லும் சான்றிதழ் (அமெரிக்காவின் எஃப்ஏஏ 8130-3 அல்லது ஐரோப்பாவின் ஈயாசா படிவம் 1) கையில் இருப்பது மட்டும் போதாது. கையெழுத்திட்ட பணிமனைக்கே எழுதி உறுதிசெய்ய வேண்டும். ஆயுள் எல்லை உள்ள பாகம் என்றால் அது பிறந்த நாளிலிருந்து எந்த என்ஜினில் எத்தனை சுழற்சி ஓடியது என்ற சங்கிலி ஒரு கண்ணிகூட அறாமல் இருக்க வேண்டும். அறுந்திருந்தால் வாங்காதீர்கள், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

மற்ற வழிகள்

18 வயதுச் சோதனையைச் செய்யாமல், அது கெடு வரும் நாள்வரை ஓட்டிவிட்டு நிறுத்துவது ஒரு வழி. கையில் காசு குறைவாக இருந்து, புதிய விமானம் வரும் தேதி உறுதியாகவும் இருந்தால் இதுதான் மலிவு. ஆனால் இந்த வழியில் நிறுவனம் மற்றவர் கையில் இருக்கிறது. நியோ ஆறு மாதம் தள்ளிப்போனால் (இப்போது தள்ளாமல் வருவதே அபூர்வம்) சோதனைக்கு ஹேங்கர் இடமும் கிடைக்காது, வெட் லீஸுக்குத்தான் ஓட வேண்டும். வெட் லீஸ் என்றால் விமானம், பணியாளர், பராமரிப்பு, காப்பீடு எல்லாம் சேர்த்து மணிக்கணக்கில் வாடகை. பறந்தாலும் பறக்காவிட்டாலும் மாதத்துக்கு இத்தனை மணி என்று குறைந்தபட்சம் கட்டியாக வேண்டும். அவசரத்துக்கு நல்லது. இண்டிகோ துருக்கி ஏர்லைன்ஸிடமிருந்து இரண்டு 777-களை அப்படித்தான் எடுத்தது. ஓராண்டுக்கு மேல் அதிலேயே இருப்பது கட்டுப்படியாகாது.

நியோவுக்கு ஆர்டர் கொடுத்தாலும் அது இந்தச் சிக்கலுக்கு உடனடி விடை ஆகாது. இன்று கொடுத்தால் எப்போது வரும் என்று பார்த்தால் தெரிந்துவிடும். அருகில் கிடைக்கும் தேதிகள் குத்தகை நிறுவனங்களிடம் மட்டுமே இருக்கும், அதற்கேற்ற விலையில். நல்ல அம்சம் ஒன்று உண்டு: பழையதற்கும் நியோவுக்கும் விமானிகளுக்கு ஒரே வகை உரிமம். அதனால் இரண்டையும் கலந்து ஓட்டுவதில் பயிற்சிச் சுமை குறைவு. உபரி என்ஜின்தான் இரண்டு ரகத்துக்கும் தனித்தனியாக வைத்திருக்க வேண்டும்.

சரக்கு விமானமாக மாற்றலாமே என்று பலர் கேட்பார்கள். ஏ321-க்கு அது பொருந்தும்: மேல்தளத்தில் 14 இடம், கீழ்த்தளத்தில் 10 பெட்டி. 737-800-க்கும் 767-க்கும் பொருந்தும். பெரிய பக்கக்கதவு வெட்டி, தரைவிட்டத்தைப் பலப்படுத்தி, சரக்கு முன்னால் பாயாதபடி ஒன்பது மடங்கு ஈர்ப்புவிசை தாங்கும் தடுப்பு வைத்து, ஜன்னல்களை அடைக்க வேண்டும். ஏ320 சிறியது; அந்தச் செலவைச் சரக்கு வருமானம் எடுப்பது கடினம். தேவையும் ஏ321 பக்கம்தான் போயிருக்கிறது. இங்கே கவனிக்க வேண்டிய பாடம் வேறு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ப்ளூ டார்ட் ஏவியேஷன் 1996-இல் 737-200 சரக்கு விமானங்களோடு தொடங்கி, 2006 முதல் 757-200-களை ஓட்டிவருகிறது. கூரியர் சரக்கு விமானம் இரவில் சில மணி நேரம்தான் பறக்கிறது. மேலே பார்த்த ஆறு மணி நேரக் கணக்கு இதுதான். பழைய விமானத்துக்குப் பொருத்தமான வேலை.

கடைசியாகப் பிரித்து விற்பது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது விமானத்துக்கு அப்படியே பொருந்தும். மதிப்பின் பெரும்பங்கு இரண்டு என்ஜினில். அடுத்து ஏபியு (தரையில் நிற்கும்போது மின்சாரமும் காற்றும் தரும் சிறு என்ஜின்), லேண்டிங் கியர், த்ரஸ்ட் ரிவர்சர், ஏவியானிக்ஸ் பெட்டிகள். வெறும் கூட்டுக்குப் பழைய இரும்பு விலைதான். புதிய என்ஜின்கள் தரையில் நிற்கும் காலத்தில் பழைய சிஎஃப்எம்56-க்குக் கிராக்கி. நியோ சிக்கல் தீரும்போது அது இறங்கும். விற்பவர்கள் இந்தக் காலத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். கழற்றும்போது ஒவ்வொரு பாகத்தையும் வேலைசெய்யும் நிலையில் சோதித்து, சீட்டு கட்டி, ஆவணத்தோடு அலமாரியில் வைத்தால்தான் அது சொத்து. ஓடும் விமானத்துக்கு அவசரம் என்று நிற்கும் விமானத்திலிருந்து இரவோடு இரவாகப் பிடுங்கி மாட்டுவது வேறு: ஒரே வேலையை இரண்டு முறை செய்கிறீர்கள், இரண்டு இடத்திலும் தவறு வரலாம், கடைசியில் நிற்கும் விமானத்தில் என்ன இருக்கிறது என்ன இல்லை என்று யாருக்கும் தெரியாது.

எந்த விமானத்துக்கு எது

பத்தையும் ஒரே முடிவுக்குள் அடைக்கக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. ஒரே ஆண்டில் பிறந்தாலும் ஒன்று கடலோர நிலையத்தில் இரவுகளைக் கழித்திருக்கும், இன்னொன்று வறண்ட ஊரில்; ஒன்றுக்கு என்ஜின் சென்ற ஆண்டு ஓவர்ஹால் முடிந்திருக்கும், இன்னொன்றுக்கு 800 சுழற்சிதான் மீதி. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள்: இரண்டு என்ஜினிலும் மிச்சச் சுழற்சி, கியர் கெடு, ஏபியு நிலை, திறந்திருக்கும் ஒட்டுகள், கடைசிச் சோதனையில் கண்ட அரிப்பு, கடந்த ஆண்டு எத்தனை முறை பழுதைத் தள்ளிவைத்துப் பறந்தது. கடைசி எண் முக்கியம். விமானிகளின் அறிக்கையைத் தீர்க்காமல் பத்து நாள் கெடுவில் தள்ளிவைத்து, கெடு முடியும் நாளில் வேறொன்றைத் தள்ளிவைக்கும் விமானம் எதுவோ அதுதான் முதலில் விட வேண்டியது. ஏபியு வேலை செய்யாமலும் பறக்க அனுமதி உண்டு. ஆனால் ஒவ்வொரு நிலையத்திலும் தரை மின்சாரமும் காற்று வண்டியும் தேட வேண்டும், வெயிலில் பயணிகள் வெந்துபோவார்கள்.

இந்தப் பட்டியலை வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் இப்படிப் பிரியும்: என்ஜினில் ஆயுள் உள்ள நான்கைந்துக்கு 18 வயதுச் சோதனை செய்து 24 வரை ஓட்டுவது, மூன்றைக் கெடு வரும்வரை ஓட்டி நிறுத்துவது, மீதி இரண்டு மூன்றை இப்போதே பிரித்து மற்றவற்றுக்கு என்ஜினும் பாகமும் கொடுப்பது. 24 வயதுச் சோதனைக்குள் எதையும் அனுப்பாதீர்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் அந்தப் பெரிய சோதனையின் வேலை பத்தாயிரம் ஆள்மணியைத் தாண்டும், பழைய கூட்டில் அட்டவணை வேலைக்குச் சமமாகவோ அதற்கு மேலோ திடீர் வேலை வெளிப்படும், அதை மீட்க அடுத்த ஆறு ஆண்டு வருமானம் போதாது.

விமானம் குத்தகையில் இருந்தால் நீட்டிப்புப் பேச்சைக் காலாவதிக்கு 18 மாதம் முன்பே தொடங்க வேண்டும். திருப்பிக் கொடுக்கும்போது என்ஜினில் இத்தனை சுழற்சி மீதி வேண்டும், ஆவணம் முழுதாக வேண்டும் என்ற நிபந்தனைகளை நீட்டிப்பின்போதே தளர்த்திக்கொண்டால் வாடகைக் குறைப்பைவிட அது பெரிய லாபம். கடைசி மாதத்தில் பேசினால் எதுவும் கிடைக்காது, தாமதத்துக்கு அபராத வாடகையும் சேரும்.

உள் அலங்காரத்துக்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள். பயணி விமானத்தின் வயதைக் கிழிந்த இருக்கையிலும் மஞ்சளடித்த மேல்பெட்டியிலும்தான் பார்க்கிறார். ஏர் இந்தியா தன் பழைய 787, 777-களின் உட்புறத்துக்கு 400 மில்லியன் டாலர் ஒதுக்குவதாக 2022 டிசம்பரில் அறிவித்தது. ஆனால் இருக்கைகள் வந்துசேரும் தாமதமே வேலையை இழுத்தடித்தது. ஆறு ஆண்டு மட்டும் ஓடப்போகும் ஏ320-க்குப் புது இருக்கை வேண்டாம். உறை, நுரை மெத்தை, தரைவிரிப்பு, விளக்குகள் போதும். தரைவிரிப்பை எடுக்கும் அதே சோதனையில் செய்தால் கூலியும் மிச்சம்.

சோதனைக்கான ஹேங்கர் இடத்தை ஓராண்டுக்கு முன்பே பிடிக்க வேண்டும். சோதனைக்குப் போகும் எல்லாவற்றுக்கும் ஒரே விலையில் ஒப்பந்தம் போடச் சொல்வார்கள், போடாதீர்கள். பட்டியலில் நடுத்தரமான ஒரு விமானத்தை முதலில் உள்ளே விடுங்கள். பின்கழிவறைக்குக் கீழே பலகையைத் திறந்து, எத்தனை விட்டம் எல்லையைத் தாண்டியது, திட்டமிட்ட வேலைக்கு மேல் எத்தனை மணி ஆனது, எந்தப் பாகத்துக்காக எத்தனை நாள் நின்றது என்று எழுதிக்கொண்ட பிறகு மற்ற மூன்று நான்குக்கும் விலை பேசுங்கள். முதல் விமானத்திலேயே விட்டங்கள் பாதிக்குப் பாதி மாற்றவேண்டி வந்தால், வரிசையில் அடுத்து நிற்பதை ஹேங்கருக்கு அனுப்பாமல் நேரே பிரிக்கும் இடத்துக்கு அனுப்பலாம். அந்த முடிவை எடுக்க அப்போதும் நேரம் இருக்கும்.